கிரேயன் முதலில் எங்கே போனான்? – வாசகர் கேள்வி பதில்

உலக நாடக இலக்கியத்தில் வரும் அரசியல், தத்துவச் சிக்கல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’யில் இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு என்று ஹெகல் சொன்னதாக வகுப்பில் படித்தோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆன்டிகனி சொல்வதுதான் சரியாகப் படுகிறது. நான் எதைக் கவனிக்கத் தவறுகிறேன்?

பதில்: தன் சகோதரன் பாலினைசிஸை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று மன்னன் கிரேயன் போட்ட ஆணையை ஆன்டிகனி மீறுகிறாள், அதற்காக உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள். இதில் இருவரும் சரிபாதி நல்லவர்கள் என்று ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் சொல்லவில்லை. ஆளுக்கொரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் நியாயத்தை அடியோடு மறுக்கிறார்கள், அந்த ஒருதலைப் பிடிவாதம் இருவரையும் அழிக்கிறது என்பதே அவர் வாதம். அதைப் பாடக் குறிப்பாகச் சுருக்கும்போதுதான் ‘இருவரும் சரி’ என்று ஆகிவிடுகிறது.

கிரேயனின் முதல் உரையை, பின்னால் நடப்பது எதுவும் தெரியாதவர்போல ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முந்தின நாள்வரை நகரம் முற்றுகையில் கிடந்தது. பாலினைசிஸ் அந்நியப் படையோடு சொந்த ஊரின்மேல் வந்தவன். ஊரைக் காத்துச் செத்தவனுக்கும் ஊரை எரிக்க வந்தவனுக்கும் ஒரே மரியாதையா என்று புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவன் கேட்டால், கூட்டத்தில் பலர் தலையாட்டத்தான் செய்வார்கள்.

ஆன்டிகனியின் வாதத்திலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. கிரேயனை எதிர்க்கும்போது, நேற்றோ இன்றோ பிறக்காத, எழுதப்படாத தெய்வச் சட்டத்தைத் தன் துணைக்கு அழைக்கிறாள். சாகப்போகும் நேரத்திலோ (904ஆம் வரியிலிருந்து பாருங்கள்) கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், தாய் தந்தை போன பிறகு இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லை, அதனால்தான் செய்தேன் என்கிறாள். எல்லாப் பிணத்துக்கும் பொதுவான சட்டம் திடீரென்று ஒரே ஒருவனுக்கான சட்டமாகச் சுருங்குகிறது. இந்த வரிகள் சோஃபக்ளீஸ் எழுதியவையாக இருக்கக் கூடாது என்று ஜெர்மன் கவிஞர் கெதே ஆசைப்பட்டார். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே அவை பிரதியில் இருந்தன. அவரே மேற்கோள் காட்டுகிறார். சில மேடையேற்றங்களில் இவற்றை வெட்டிவிடுவதுண்டு. வெட்டினால் ஆன்டிகனி பளிங்குச் சிலை ஆகிவிடுவாள். இந்த வரிகளில்தான் அவள் பயந்துபோன, தனித்துவிடப்பட்ட ஒரு பெண்ணாகத் தெரிகிறாள்.

அப்படியானால் நாடகம் யார் பக்கம்? விடை, கிரேயன் மனம் மாறியபின் செய்யும் வேலைகளின் வரிசையில் இருக்கிறது. ஆரூடக்காரர் டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கிரேயன் கோரஸிடம் (ஊர்ப் பெரியவர்களின் குழு) ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்கிறான். அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, அப்புறம் வெளியே கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. தூதன் வந்து சொல்லும்போதோ வரிசை தலைகீழ். முதலில் பிணம் கிடந்த இடத்துக்குப் போய், எஞ்சியதைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பி, எல்லாம் முடித்த பிறகே குகைக்கு நடந்திருக்கிறார்கள். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். இறந்தவனை மேலே வைத்தாய், உயிரோடிருப்பவளைக் கீழே அனுப்பினாய் என்பதுதான் டைரீசியஸ் சொன்ன குற்றம். திருந்திய பிறகும் கிரேயனுக்கு உயிர் இரண்டாவதாகத்தான் வருகிறது. தெய்வத்தோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் அவசரம் முந்திக்கொள்கிறது. அவன்மீதான தீர்ப்பை சோஃபக்ளீஸ் யார் வாயிலும் வைக்கவில்லை. தூதன் சொல்லும் வரிசையில் வைத்திருக்கிறார்.

கேள்வி: கட்டுரைகளில் நாடக வசனத்தை மேற்கோள் காட்டி ‘ஷேக்ஸ்பியர் கூறுகிறார்’ என்று எழுதுகிறேன். மதிப்பெண் குறைகிறது. ஏன்?

பதில்: கூறுவது ஷேக்ஸ்பியர் இல்லை, பாத்திரம். ‘உனக்கு நீ உண்மையாயிரு’ என்ற வரி வாழ்த்து அட்டை வரைக்கும் போய்விட்டது. ‘ஹாம்லெட்’ முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் அதை மகனுக்குச் சொல்பவர் பொலோனியஸ். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே அவர் என்ன செய்கிறார்? அதே மகனை வேவு பார்க்க ரெய்னால்டோ என்ற வேலையாளை அனுப்புகிறார். மகனைப் பற்றி நாலு பொய்யைத் தூவி உண்மையைப் பிடி என்று சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு காட்சிகளையும் சேர்த்து எழுதினால் அது நல்ல கட்டுரை. முதல் வரியை மட்டும் எழுதினால் வாழ்த்து அட்டை.

எந்த வசனத்தை எடுத்தாலும் யாரிடம் சொல்கிறார், அவரிடமிருந்து என்ன வேண்டிச் சொல்கிறார், சொன்னபின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம், பெரும்பாலோர் விடுவதும் அதைத்தான்.

இந்தத் தவறு பழையது என்பதும் தெரிந்திருக்கட்டும். கிமு 343இல் ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தெனீஸ் தன் அரசியல் எதிரி ஈஸ்கினீஸைத் தாக்கிப் பேசும்போது, கிரேயனின் அந்த முதல் உரையை நீதிமன்றத்தில் வாசிக்கச் செய்தார், நாட்டுப்பற்றுக்கு உதாரணமாக! ஈஸ்கினீஸ் முன்பு நடிகராக இருந்து கிரேயன் வேடம் போட்டவர். பேசிய வசனப்படி நீ நடக்கவில்லையே என்பது குற்றச்சாட்டு. அந்த உரையைப் பேசிய கிரேயன் கடைசியில் என்ன ஆனான் என்பதை டெமாஸ்தெனீஸ் தொடவே இல்லை.

கேள்வி: ‘ஈடிபஸ் மன்னன்’ முழுக்க முழுக்க விதியின் நாடகம்தானே? எல்லாம் முன்பே தீர்மானமானது என்றால் அதில் தத்துவம் எங்கே வருகிறது?

பதில்: ஈடிபஸ் தந்தையைக் கொல்வதும் தாயை மணப்பதும் தீர்மானமானவை. ஆனால் அவை இரண்டும் நாடகம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டன. மேடையில் நாம் பார்ப்பது, முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றது யார் என்ற விசாரணை. அந்த லாயஸ்தான் ஈடிபஸின் தந்தை. விசாரிக்கச் சொல்லி எந்த ஆரூடமும் ஈடிபஸை அந்த அளவுக்கு விரட்டவில்லை. டைரீசியஸ் ‘விட்டுவிடு’ என்கிறார். மனைவி யோகாஸ்டா கெஞ்சுகிறாள். மேய்ப்பன் வாய் திறக்க மறுக்கிறான். ஒவ்வொருவரையும் நெருக்கி உண்மையை வெளியே இழுப்பது ஈடிபஸே. ஊழ் அவனைக் குற்றவாளி ஆக்கியது. அவனை அறிந்தவன் ஆக்கியது அவனேதான்.

அரிஸ்டாட்டில் சொல்லும் ‘ஹமார்ஷியா’வைத் தமிழில் ‘குணக்குறை’ என்று பெயர்ப்பதால் வந்த குழப்பமும் இதில் உண்டு. குறி தவறுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. ‘பிழை’ என்பதே நெருக்கமாக வரும். குணக்குறை என்று எடுத்துக்கொண்டால் மாணவர்கள் உடனே ‘ஆணவம், கோபம்’ என்று பட்டியல் போடுகிறார்கள். கோபம் வராத ஒருவன், ஈடிபஸ் லாயஸைக் கொன்ற அந்த முச்சந்தியில் நின்றிருந்தாலும், தன் தகப்பன் யார் என்பது அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஒரு நுட்பத்தைக் காட்டுகிறோம். லாயஸைக் கொன்றது ‘கொள்ளையர்கள்’ என்று, தப்பிவந்த ஒரே வேலையாள் பன்மையில் சொல்லியிருந்தான். முச்சந்தியில் தனியாளாக நின்று கொன்ற ஈடிபஸுக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை அதுதான்: ஒருவன் பலர் ஆக முடியாதே! ஒருவனா பலரா என்று கேட்கத்தான் அவனை வரவழைக்கிறார்கள். அவன் வந்து நிற்கும்போது அந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. இதற்குள் கொரிந்திலிருந்து வந்தவன், ஈடிபஸ் அங்கே வளர்ப்பு மகன்தான் என்று வேறொரு முடிச்சை அவிழ்த்துவிட்டான். விசாரணை ‘யார் கொன்றது?’ என்பதை விட்டு ‘நான் யார்?’ என்பதற்குத் தாவிவிட்டது. பலர் இதை ஆசிரியரின் கவனக்குறைவு என்று எழுதுகிறார்கள். நாடகத்தின் மையமே இந்தத் தாவல்தான் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அரசியல் நாடகம் எழுதியதற்காகப் பழைய கிரேக்கத்தில் யாராவது தண்டிக்கப்பட்டதுண்டா?

பதில்: உண்டு. ஃப்ரினிக்கஸ், கிரேக்க நகரமான மிலீட்டஸ் பாரசீகர்களிடம் வீழ்ந்ததை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. நம் சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று ஏதென்ஸ் அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் விதித்து, இனி அந்த நாடகத்தை யாரும் போடக் கூடாது என்றும் தடுத்தது. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் கிமு 472இல் ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்கள்’ நாடகத்தில் தோற்றுப்போன எதிரியின் அரண்மனையில் காட்சியை வைத்தார், பரிசு கிடைத்தது.

கேள்வி: எங்கள் குழு ‘ஜூலியஸ் சீசர்’ மூன்றாம் அங்கத்தின் சதுக்கக் காட்சியை மேடையேற்றுகிறது. புரூட்டஸ் பேச்சு எடுபடவில்லை. கூட்டமாக நிற்பவர்கள் வெறுமனே கத்துகிறார்கள். ஆண்டனிக்கு மட்டும் கைதட்டல். எப்படிச் சரிசெய்வது?

பதில்: இரண்டும் ஒரே கோளாறு. புரூட்டஸ் பேச்சு தோற்க வேண்டிய பேச்சு என்று முன்கூட்டியே முடிவுகட்டி நடிக்கிறீர்கள். பிரதியில் அது வெற்றி பெறுகிறது. முடித்ததும் கூட்டத்தில் ஒருவன் ‘இவரே சீசர் ஆகட்டும்!’ என்று கூவுகிறான். மன்னராட்சி வரக் கூடாதென்று கொலை செய்தவனுக்கு அவன் ரசிகர்களே முடிசூட்டப் பார்க்கிறார்கள். காட்சியில் நெஞ்சைப் பிசையும் முதல் இடம் இது. இந்த வரி பார்வையாளர் காதில் தெளிவாக விழுந்து, புரூட்டஸ் அரை நொடி உறைந்து நின்றால் போதும், பாதி வேலை முடிந்தது.

புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆண்டனி செய்யுளில். உரைநடை என்பதால் சப்பென்று பேசிவிடக் கூடாது. எதிரும் புதிருமாக அடுக்கிய வாக்கியங்கள் அவை. நல்ல வழக்கறிஞர் பேசுவதுபோல ஒவ்வொரு எதிர்நிலையும் தனித்தனியாக விழ வேண்டும். அதில் ஒன்று மட்டும் குறைகிறது, சான்று. சீசர் பேராசைக்காரன் என்கிறான். ஒரு நிகழ்ச்சியைக்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் அங்கத்துத் தனிமொழியிலும் அவனிடம் சான்று இருக்கவில்லை. ‘என்ன ஆகிவிடக் கூடும்’ என்ற ஊகத்தின் மேல்தான் கத்தியை எடுத்தான். வருமுன் காப்பதற்காகக் கொல்லலாமா என்பது இந்த நாடகத்தின் அரசியல் கேள்விகளில் ஆழமானது. அந்தத் தனிமொழியை நீங்கள் வெட்டியிருந்தால் திரும்பச் சேருங்கள்.

இனிக் கூட்டம். பிரதியில் அவர்களுக்கு முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் குடிமகன் என்று எண் இருக்கிறது. நான்கு குரல்கள் அவசியம், மற்றவர்கள் முணுமுணுப்புக்கு. ஆண்டனி பேசி நிறுத்தும் முதல் இடைவெளியில் நால்வரும் நான்கு விதமாக அசைகிறார்கள். முதலாமவன் ‘இவன் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறதுபோல’ என்கிறான். இரண்டாமவன் சீசருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்கிறான். மூன்றாமவன், அவர் இடத்துக்கு இன்னும் மோசமானவன் வருவானோ என்று பயப்படுகிறான். நான்காமவன் சீசர் கிரீடத்தை மறுத்ததைப் பிடித்துக்கொள்கிறான். உடனே இரண்டாமவன், பாவம், அழுது அழுது கண் சிவந்துவிட்டது பார் என்கிறான். ஒருவன் வாதத்தால் மாறுகிறான், ஒருவன் பயத்தால், ஒருவன் கண்ணீரால். ஒத்திகையில் ஒவ்வொருவரையும் எந்தச் சொல்லில் மாறினேன் என்று பிரதியில் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் மீண்டும் ஆரம்பியுங்கள். கூட்டம் ஒரே வாயாகக் கத்துவது கடைசிக்கு மட்டும்.

ஆண்டனியின் வேலைகளுக்கும் வரிசை உண்டு. சீசரின் உயிலைக் காட்டுகிறான், வாசிக்க மறுக்கிறான். மேடையிலிருந்து இறங்கி, பிணத்தைச் சுற்றி வட்டமாக நிற்க வைக்கிறான். மேலங்கியைத் தூக்கி இந்தக் கிழிசல் காஷியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று விரலால் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அந்த இடத்திலேயே இல்லை. ட்ரெபோனியஸ் வெளியே அழைத்துப்போயிருந்தான். எந்தத் துளை யாருடையது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை! நடிகர் இதைத் தெரிந்து நடிக்க வேண்டும், கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. ஆளுக்கு 75 டிராக்மா என்ற உயிலின் கணக்கு கடைசியில்தான் வருகிறது. கூட்டம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கி, உயிலை மறந்தேவிட்டது, அவன்தான் திரும்பக் கூப்பிடுகிறான்.

அதன்பின் இரண்டு இடங்களை வெட்டவே வேண்டாம். சதிகாரன் ஒருவனோடு பெயர் ஒன்றாயிருந்த பாவத்துக்குக் கவிஞன் சின்னாவைக் கூட்டம் பிய்த்துப் போடும் சின்னக் காட்சி ஒன்று. நான்காம் அங்கத் தொடக்கத்தில், அந்த உயிலைக் கொண்டுவாருங்கள், மக்களுக்குத் தர வேண்டியதில் எவ்வளவு குறைக்கலாம் பார்ப்போம் என்று ஆண்டனி சொல்லும் இடம் இன்னொன்று. சதுக்கத்தில் கைதட்டிய உங்கள் பார்வையாளர் இங்கே வாயடைத்துப்போக வேண்டும்.

கேள்வி: ஈஸ்கிலஸின் ‘யூமெனிடீஸ்’ வழக்குக் காட்சிக்கு எத்தனை நடுவர்களை நிறுத்த வேண்டும்?

பதில்: தாயைக் கொன்ற ஓரஸ்டீஸ்மீதான வழக்கு அது. பிரதி எண்ணிக்கை சொல்லவில்லை. வாக்குப் போடும் நேரத்தில் அப்பல்லோவும் கோரஸும் மாறி மாறி இரண்டிரண்டு வரியாகப் பத்து முறை பேசிக்கொள்கிறார்கள், முடிவில் ஒரு மூவரி. ஆளுக்கொரு இருவரி நேரத்தில் கூழாங்கல்லைக் கலயத்தில் போடுவதாகக் கொண்டால் 10 பேர். மூவரிக்கும் ஓர் ஆள் சேர்த்தால் 11.

எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் அரசியல் இருக்கிறது. 10 பேர் என்றால் மனிதர்கள் 5க்கு 5 எனப் பிளந்து நின்றார்கள், அதீனா முடித்துவைத்தாள். 11 பேர் என்றால் மனிதர்களில் 6 பேர் ஓரஸ்டீஸைத் தண்டிக்கவே விரும்பினார்கள். தெய்வத்தின் வாக்கு அதைச் சமமாக்கி அவனை விடுவித்தது. நாடகம் அரங்கேறியது கிமு 458இல். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்புதான் ஏதென்ஸ் அரசியல்வாதி எஃபியால்டீஸின் சீர்திருத்தத்தில் அரியோபகஸ் மன்றத்தின் அதிகாரங்கள் பறிக்கப்பட்டு, கொலை வழக்கு போன்ற சிலவே மிஞ்சின. அந்த மன்றம் பிறந்த கதையைத்தான் ஈஸ்கிலஸ் மேடையேற்றினார். தோற்ற தரப்பான பழிவாங்கும் தேவதைகளை (கோரஸ்) விரட்டாமல், சிவப்பு மேலங்கி போர்த்தி நகருக்குள்ளேயே குடியமர்த்தும் கடைசி ஊர்வலத்தை அவசரப்படுத்தாதீர்கள். நடுவர்களைக் குறைத்தாலும் ஊர்வலத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: இப்சனின் ‘மக்களின் எதிரி’ ஜனநாயகத்துக்கு எதிரான நாடகமா? பெரும்பான்மை எப்போதும் தவறு என்கிறாரே மருத்துவர் ஸ்டாக்மன்.

பதில்: அவர் எப்போது அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஊர்க் குளியலகத்தின் நீர் நஞ்சானது என்ற அறிக்கையை வாசிக்கத்தான் நான்காம் அங்கத்தில் கூட்டம் கூட்டுகிறார். கூட்டம் தொடங்கியதும் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அறிக்கையை வாசிக்கக் கூடாதென்று தீர்மானம் போடுகிறார்கள், எல்லாம் முறைப்படி. நீரைப் பற்றிப் பேச முடியாதபோதுதான் ஸ்டாக்மன் பெரும்பான்மையைத் தாக்குகிறார். நாய் வளர்ப்பை உவமை காட்டி, பிறப்பிலேயே உயர்வு தாழ்வு பேசும் அளவுக்குப் போகிறார். அந்த இடம் நமக்குக் கசக்க வேண்டும். ஊர் மக்கள் உண்மையைக் கேட்டு நிராகரிக்கவில்லை, அவர்கள் காதுக்கு அது போய்ச் சேரவே இல்லை. மூன்றாம் அங்கத்தில் செலவு ஊர் தலையில் விழும், இரண்டு ஆண்டு குளியலகத்தை மூட வேண்டும் என்று மேயர் சொன்ன மாத்திரத்தில் பத்திரிகைக்காரர்கள் எப்படிப் பக்கம் மாறுகிறார்கள் என்பதையும், இந்தக் கூட்டத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். 1882இல் எழுதிய நாடகம்.

கேள்வி: ‘பொம்மை வீடு’ நாடகத்துக்கு இப்சனே வேறு முடிவு எழுதினார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1880இல் ஜெர்மன் மேடைக்காக. மூலத்தில் கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறும் நோரா, இதில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து வாசலிலேயே சரிந்துவிடுவாள். வேறு யாரோ சிதைப்பதைவிடத் தானே செய்துவிடலாம் என்று எழுதியவர், அதைக் காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்றே குறிப்பிட்டார். பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ போட்டோம். பார்வையாளர்கள் அழுதார்கள். பிரெக்ட் முறைப்படி இது தோல்வியா?

பதில்: பார்வையாளர் உருகிப்போவதைவிட யோசிக்க வேண்டும் என்பதே பிரெக்டின் முறை. ஆனாலும் அழுததே தோல்வி ஆகாது. எதற்கு அழுதார்கள் என்று கேளுங்கள். 1941இல் சூரிச்சில் முதன்முறை மேடையேறியபோதும், போர்க்களத்தில் வண்டியில் சரக்கு விற்றுப் பிழைக்கும் மதர் கரேஜைத் துயரத் தாயாகப் பார்த்துத்தான் உருகினார்கள். பிரெக்ட் அதன்பின் சில காட்சிகளைத் திருத்தினார். ஐந்தாம் காட்சியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட அதிகாரிகளின் சட்டைகளைக் கிழிக்க, திருத்திய வடிவில், அவள் சம்மதிப்பதில்லை; பிடுங்கித்தான் கிழிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மேடையேற்றத்தில் மூன்றாம் காட்சியைச் சோதியுங்கள். மகன் ஸ்விஸ் சீஸின் உயிருக்கு விலை 200 கில்டர். வண்டியை அடகு வைத்தால் அந்தத் தொகை கிடைக்கும். மகன் மறைத்த படைப் பணப்பெட்டியிலிருந்து வண்டியை மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாள். பெட்டியை ஆற்றில் எறிந்துவிட்டான் என்று தெரிந்ததும் பேரம் மாறுகிறது: 120 தருகிறேன், மீதி 80 பிழைப்புக்கு வேண்டும். எதிர்த்தரப்பு மறுக்கிறது. கடைசியில் 200க்கும் சரி என்கிறாள். அதற்குள் முரசு ஒலிக்கிறது, சுட்டுவிடுகிறார்கள். உடலைக் கொண்டுவந்து காட்டும்போது யாரென்று தெரியாது என்று தலையசைக்கிறாள். காட்டிக்கொண்டால் அவள் கழுத்துக்கும் ஆபத்து.

பெரும்பாலான குழுக்கள் பேரத்தை வேகமாக ஓட்டிவிட்டு, அவள் வேதனையில் நிறுத்தி இசையை ஏற்றுகின்றன. இதைத் தலைகீழாக்குங்கள். 200, 120, 80 என்ற எண்கள் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். செய்தி கொண்டு ஓடிவருபவர் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிச் சொல்லட்டும்; அவள் யோசிக்கும் நேரத்தை நிஜ நேரமாகவே விடுங்கள். வேதனைக்கு இசை வேண்டாம். 1949இல் பெர்லினில் இந்த வேடத்தில் நடித்த ஹெலன வைகல் ஓசையே இல்லாமல் வாய் திறந்து அலறினார். நாடகம் முடிந்து வெளியே வருபவரிடம் ‘80 கில்டர் எதற்கு?’ என்று கேளுங்கள். கண் ஈரமாக இருந்தாலும் அவருக்கு விடை தெரிந்தால் உங்கள் மேடையேற்றம் சரி.

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட வாசிப்புக் குழு. முதல் நாடகம் எது, எப்படி வாசிப்பது?

பதில்: ‘ஆன்டிகனி’. சுமார் 1,350 வரிகள், உரக்க வாசித்தால் ஓர் அமர்வுக்குள் முடியும். முன்பே படித்துவிட்டு வருவதோடு, கூடி உரக்க வாசிப்பதும் கட்டாயம். கிரேக்க மேடையில் மூன்று நடிகர்களே எல்லா வேடங்களையும் பகிர்ந்துகொண்டார்கள். நீங்களும் மூவருக்குப் பிரித்துக் கொடுங்கள், மற்ற ஐவரும் கோரஸ். கோரஸ் பாட்டுகளைத் தாண்டிவிட ஆசை வரும், தாண்டாதீர்கள். ஆன்டிகனிக்கு ஆதரவாக வாதாடுபவர் எவரோ அவருக்கே கிரேயனைக் கொடுங்கள். கிரேயனின் மகன் ஹேமன் தந்தையிடம் ‘ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே ஆகாது’ என்று சொல்லும் இடம் வந்ததும் இருவரும் வேடத்தை மாற்றிக்கொண்டு அந்த விவாதத்தை மறுபடி வாசியுங்கள்.

டைரீசியஸ் போனபின், கோரஸ் யோசனை சொல்லி, கிரேயன் ஆட்களோடு புறப்படும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நீங்கள் கிரேயனாக இருந்தால் முதலில் எங்கே போவீர்கள் என்று எட்டுப் பேரும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து நடுவில் வையுங்கள். அதன்பிறகு தூதன் பேச்சை வாசியுங்கள்.